மூன்றாவது கியரில் கேட்ட சத்தம்

அத்தியாயம் 5

ஃபினாயில் வாசனைதான் முதலில் மூக்கில் ஏறியது.

கார்களைப் பிரித்துப் போட்டு வேகம் ஏற்றித் தருகிற பட்டறையில் ஆயில் நாற்றம் இருக்கலாம். பெட்ரோல் நெடி, எரிந்த ரப்பர், வெல்டிங் புகை எல்லாமே நியாயம். கழுவிவிட்ட ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஃபினாயில் அடித்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். மேடம் ஷட்டருக்குக் கீழேயே நின்று கைக்குட்டையை எடுத்தார்.

"மணி என்ன?"

"பத்து இருபது" என்றார் கண்டக்டர். "கோர்ட் ரெண்டு மணிக்கு. நம்ம சர்வீஸ் வழியில எங்கேயும் நிக்காது."

மேடம் இருபத்தொரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் நொறுங்கிய வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, எது விபத்து, எது நாடகம் என்று எழுதிக் கொடுத்தவர். அந்த வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்து ஆறு வருடமாகிறது. கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி அவரிடம் உதவியாளராகச் சேர்ந்து நாலு வருடம். இறங்கினாலும் வாய் இறங்கவில்லை.

அன்று காலை ஏழரை மணிக்கு அலுவலகக் கதவைத் தட்டியது ஒரு டிரைவரின் மனைவி. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கையில் இருந்த டிபன் கேரியரை மேஜையில் வைக்கவுமில்லை. ஸ்டேஷனுக்குக் கொண்டு போகிற சாப்பாடு அது.

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். போன புதன்கிழமை விடிகாலை, ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பைபாஸ் சாலையில் ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. பேப்பர் போடுகிறவர் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது ஆறரை. சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் இறந்துபோனாள். சாலையில் கிடந்த ஹெட்லைட் சில்லுகளை வைத்துப் போலீஸ் காரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, ஞாயிறு காலை ஒரு ஆள் ஸ்டேஷனுக்கு வந்து நின்றார். டைல்ஸ் ஷோரூம் முதலாளியின் வீட்டு டிரைவர். கார் முதலாளியின் மகனுடையது. ஓட்டியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தார். அவரைத்தான் இன்று இரண்டு மணிக்குக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

"அந்த வண்டியைக் கழுவத்தான் கழுவுவாரு" என்றாள் மனைவி. "உள்ள உக்கார விட்டதே இல்லை. வேர்வை நாத்தம் சீட்டுல ஒட்டிக்கும்னு சின்ன முதலாளி சொல்லுவாரு. அப்படிப்பட்ட வண்டியை இவரு எப்படி மேடம் ஓட்டியிருப்பாரு?"

"பின்னே ஏன் ஒத்துக்கிட்டார்?"

"எல்கேஜியில இருந்து அந்தப் பையனை ஸ்கூலுக்குக் கொண்டு விட்டவரு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சனிக்கிழமை ராத்திரி அவன் எங்க போர்ஷனுக்கு வந்தான். கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் பேசினாங்க. அழுகைச் சத்தம்தான் எனக்குக் கேட்டுச்சு. காலையில இவரு சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு."

மேடம் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். பழைய பழக்கம். காரைப் பார்க்க வேண்டும் என்றார். மறுமுனையில் ஒரு சங்கடமான இருமல். மேலேயிருந்து சொன்னார்களாம். போட்டோ எடுத்தாகிவிட்டதாம். ஆள்தான் ஒத்துக்கொண்டுவிட்டாரே என்று நேற்றே காரை விட்டுவிட்டார்களாம். இப்போது அது பட்டறையில் இருக்கிறதாம்.

"பொணம் எரியறதுக்கு முன்னாடியே வண்டி ரிப்பேருக்குப் போயிடுச்சு" என்றார் கண்டக்டர். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அப்படித்தான் இந்தப் பட்டறை வாசலுக்கு வந்தார்கள்.

உள்ளே விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. சுவர் முழுக்கக் கோப்பைகள், மாலை போட்ட கார்களின் படங்கள். ஒரு பெரிய பேனரில் நாலெழுத்துப் பெயரில் கார் பிரியர்களின் இணையக் குழு ஒன்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டிருந்தது. நடுவில் மஞ்சள் நிறக் கார், பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. இடது ஹெட்லைட் குழியாகிக் கிடந்தது. பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. ரேடியேட்டரின் தகடுகள் உள்ளே வளைந்து, அடியில் பச்சைத் தண்ணீர் காய்ந்த தடம்.

பக்கத்தில் ஒரு வாளி. அதில் பழுப்புத் தண்ணீர். விளிம்பில் ஒரு துணி.

கையுறையைக் கழற்றிக்கொண்டே ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத கறுப்பு டி-ஷர்ட். அதன் நெஞ்சில் 'மாஸ்டர்' என்று தைத்திருந்தது.

மேடம் தன் பழைய இன்சூரன்ஸ் விசிட்டிங் கார்டை நீட்டினார். அதில் தேதி கிடையாது என்பது ஒரு வசதி.

"பார்த்துக்கங்க மேடம். டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம். ஃபினாயில் எதுக்கு?"

மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். "அதை ஏன் கேக்கறீங்க. நாலு நாள் கவர் போட்டு மூடியே வச்சிருக்காங்க. கிரில்லுல முடி, நூல், என்னென்னமோ. ஈ மொய்க்குது. எனக்கு இதெல்லாம் ஆகாது. சாப்பாடே இறங்கலை."

கண்டக்டர் வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

மேடம் பானெட்டுக்குள் குனிந்தார். இருபத்தொரு வருடம் பழகிய கண் அது. அடிபட்ட இடத்தை முதலில் பார்க்காது. அடிபடாத இடத்தில் என்ன புதிதாக இருக்கிறது என்று பார்க்கும். இரண்டே நிமிடம். இன்ஜினுக்குப் பின்பக்கம், விரல் தடிமன்கூட இல்லாத ஒரு நீலக் குழாய், தூசி படிந்த மற்ற குழாய்களுக்கு நடுவே பளபளத்தது.

"ஹெட்லைட் போடலை. பம்பர் மாத்தலை. ரேடியேட்டர் அப்படியே இருக்கு. விபத்துல இந்த இடத்துல ஒரு கீறல்கூட இல்லை. இந்த ஹோஸை மட்டும் முதல்ல ஏன் மாத்தினீங்க?"

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல.

"கண்ணு மேடம் உங்களுக்கு! சின்ன முதலாளியோட முதல் ஆர்டரே அதுதான். பம்பர் அப்புறம், அந்தச் சத்தத்தை முதல்ல நிறுத்துங்க மாஸ்டர்னு சொல்லிட்டாரு."

"என்ன சத்தம்?" என்றார் கண்டக்டர்.

"டர்போன்னா ஒரு சின்னக் காத்தாடி. காத்தைப் பிடிச்சு, அழுத்தி, இன்ஜினுக்குள்ள திணிக்கும். ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா இன்ஜின் வாசல் மூடிக்கும். திணிச்ச காத்து எங்க போகும்? அதை வெளிய திறந்து விடறதுதான் இந்தப் புளோ-ஆஃப் வால்வு. 'ப்ஷ்ஷ்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க. அதுக்காகவே மாட்டறவங்க இருக்காங்க."

"பஸ்ல பிரேக்கை விட்டா புஸ்ஸுங்குமே, அதா?"

"அது எருமை பெருமூச்சு விடறது. இது வேற." மாஸ்டருக்குக் கொஞ்சம் வலித்தது. "வால்வு சரியா திறக்கலைன்னா காத்து வந்த வழியே திரும்பி, டர்போ மேலயே மோதும். அப்ப 'ஸ்து-து-து-து'ன்னு அடிக்கும். அட்டைப் பெட்டிக்குள்ள புறா மாட்டிக்கிட்ட மாதிரி. கேக்கவே அசிங்கமா இருக்கும்."

"அசிங்கமா இருக்கும்" என்று மேடம் திருப்பிச் சொன்னார். அவர் பார்வை வாளியில் இருந்தது. "புது வால்வா?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் மாட்டிக் கொடுத்தேன்."

"அப்பவே இந்தச் சத்தம் இருந்ததா?"

"சுத்தமா இல்லை. இங்கேயே நிக்க வச்சு முறுக்கிப் பார்த்தேன். அழகா 'ப்ஷ்ஷ்'னுது. ரோட்டுல போய்ப் பார்க்கலாம்னா அன்னைக்கு மழை." மாஸ்டர் மேஜையிலிருந்து பழைய குழாய்த் துண்டை எடுத்து மடக்கிக் காட்டினார். மயிரிழை போல ஒரு விரிசல். "இதான் குற்றவாளி. வால்வைத் திறன்னு இன்ஜின்ல இருந்து சேதி கொண்டு போற குழாய். நிக்கறப்ப தெரியாது. மெதுவா போனாலும் தெரியாது. மூணாவது கியர்ல முழுசா மிதிச்சு, பட்டுனு காலை எடுத்தாத்தான் இந்தக் கீறல் வாயைத் திறக்கும். வேற பட்டறைன்னா வால்வையே கழட்டிப் போட்டிருப்பாங்க. ஸ்பிரிங்கை மாத்தியிருப்பாங்க. நான் ஒரு தடவைதான் கேட்டேன். கேட்ட உடனே ஹோஸ்னு சொல்லிட்டேன்."

"பெரிய விஷயம்தான்" என்றார் மேடம். குரலில் பாராட்டு மாதிரியே இருந்தது. "வண்டி எப்ப இங்க வந்துச்சு?"

"நேத்து சாயங்காலம். லாரியில ஏத்திக் கொண்டு வந்து இறக்கினாங்க."

"அதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"ரேடியேட்டர் ஓட்டையா இருக்கறப்பவா? இன்ஜின் வெந்து போயிடும் மேடம்."

"அப்ப எப்பக் கேட்டீங்க?"

மாஸ்டரின் கையில் இருந்த குழாய்த் துண்டு மடக்கிய நிலையிலேயே நின்றது.

"செவ்வாய்க்கிழமை சத்தம் இல்லை. புதன்கிழமை காலையில விபத்து. ஞாயிறு வரைக்கும் வண்டி கவருக்குள்ள தூங்கிட்டு இருந்துச்சு. அப்புறம் லாரி. மூணாவது கியர்ல முழுசா மிதிச்சா மட்டும் வர்ற சத்தத்தை நீங்க எப்ப மாஸ்டர் கேட்டீங்க?"

"அது... சின்ன முதலாளி போன்ல சொன்னாரு."

"அவருக்கு எப்படித் தெரியும்? ஓட்டினது டிரைவர்னு எழுதிக் கொடுத்திருக்காங்களே?"

மாஸ்டர் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். "எனக்கு வேலை கிடக்கு. இன்சூரன்ஸ்னா ஓனர்கிட்டப் பேசுங்க. கிளம்புங்க மேடம்."

கிளம்பினார்கள். எதிர் வரிசையில் பூட்டிக் கிடந்த ஒரு டயர் கடையின் படியில் கண்டக்டர் உட்கார்ந்தார். மேடம் உட்காரவில்லை. கைக்குட்டையில் ஒட்டிய ஃபினாயில் நெடியை முகர்ந்து பார்த்துவிட்டு அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"யாரோ அவனுக்குச் சத்தத்தை அனுப்பியிருக்காங்க" என்றார். "வாயால 'து-து-து'ன்னு சொன்னா, குழாய்னு கண்டுபிடிக்க முடியாது. ரிக்கார்டிங் இருக்கு. ஆனா அது அவன் போனுக்குள்ள இருக்கு. இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள அழிச்சிடுவான்."

"போன்ல இருந்தா அழிக்கலாம்" என்று கண்டக்டர் தன் போனை உயர்த்திக் காட்டினார். "பேனர்ல ஒரு குழு பேரு பார்த்தீங்கல்ல? நீங்க குழாயைப் பத்திப் பேசிட்டு இருந்தப்ப நான் அதுல சேர்ந்துட்டேன். என்ன வண்டி வச்சிருக்கீங்கன்னு கேட்டாங்க. அம்பத்தஞ்சு பேர் உக்கார்ற வண்டி, ரெண்டு வாசல்னு போட்டேன். எட்டுப் பேர் ஹார்ட் விட்டிருக்காங்க."

"கண்டக்டர்."

"விஷயத்துக்கு வரேன் மேடம். மாஸ்டருக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தை யார்கிட்டயாவது சொல்லலைன்னா வயிறு உப்பிடும். அந்த ஜாதி ஆளு. போன புதன்கிழமைக்குத் தள்ளிக்கிட்டே போனேன்." அவர் போனைத் திருப்பினார். "இங்க பாருங்க."

புதன் காலை 6.20. மாஸ்டரின் பதிவு. 'புது வால்வு. மூணாவது கியர்ல காலை எடுத்தா இந்தச் சத்தம். காரணம் என்ன? கண்டுபிடிக்கிறவங்க கில்லாடி.' கீழே ஏழு வினாடி ஒலித்துண்டு.

ஆளுக்கொரு இயர்போனைச் செருகிக்கொண்டார்கள். இன்ஜின் இரைச்சல் ஏறியது, ஏறியது, சட்டென்று அறுந்தது. ஸ்து-து-து-து. பிறகு முடிந்துபோயிற்று. முடிகிற இடத்தில் ஏதோ ஒன்று.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். ஸ்து-து-து-து. கடைசியில், வெட்டிய இடத்துக்கு ஒட்டி, ஒரு தட்.

அதற்குக் கீழே நாற்பத்து மூன்று பதில்கள். கண்டக்டர் வாசித்தார். "'ஸ்பிரிங் ரொம்ப டைட்.' 'டயஃப்ரம் கிழிஞ்சிருக்கும்.' 'இதுவே கேக்க நல்லாத்தான் இருக்கு, விட்டுடுங்க.' இவரு ரசிகர் போல. 'ஹோஸைப் பாருங்க மாஸ்டர்.' அதுக்கு மாஸ்டர் கைதட்டியிருக்காரு. அப்புறம்..."

நிறுத்திவிட்டார். கண்டக்டர் பேச்சை நடுவில் நிறுத்துவது அபூர்வம்.

"என்ன?"

"ஒருத்தர் எழுதியிருக்காரு. 'கடைசியில ஒரு தட் கேக்குதே? இன்ஜின் மவுண்ட் உடைஞ்சிருக்கும். செக் பண்ணுங்க.'"

மேடம் போனை வாங்கிக்கொண்டார். இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் ரப்பர்க் கட்டைதான் மவுண்ட். அது போனால் தட்டென்று சத்தம் வரும் என்பது மேடத்துக்கும் தெரியும். எழுதியவர் மேல் தப்பில்லை. வீட்டில் உட்கார்ந்து, ஒரு காரின் நோயைக் காதால் தேடிக்கொண்டிருந்த யாரோ ஒருவர்.

அதற்கு மாஸ்டர் பதில் போட்டிருந்தார். காலை 6.52. இரண்டே வார்த்தை. 'மவுண்ட் ஓகே.'

மேடம் அந்த நேரத்தை இரண்டு முறை பார்த்தார். பிறகு அவரும் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி வேணுமா மேடம்?"

"இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்க. உடனே வரச் சொல்லுங்க. அவர் விட்ட வண்டி, அவரே வந்து பிடிக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் இருபது நிமிடத்தில் வந்தார். வாளியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், மேடத்தின் கண்ணைப் பார்க்காமல் "சொல்லுங்க" என்றார்.

மாஸ்டர் பானெட்டை மூடி, அதன் மேல் சாய்ந்து நின்றார்.

"சார், சும்மா ஒரு சத்தம் அனுப்பினாரு. நான் வால்வைத்தான் கேட்டேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

"அந்தத் தட் சத்தம்?" என்றார் மேடம்.

"ஏதோ மவுண்ட்னு நெனச்சேன்."

"மவுண்ட்னு நெனைச்சீங்களா?"

"ஆமா மேடம். எந்த மெக்கானிக்கும் அப்படித்தான் நெனைப்பான்."

"எந்த மெக்கானிக்கும் அப்படித்தான் நெனைப்பான். நெனைச்சா வண்டியைத் தூக்கிப் பார்ப்பான். பார்த்துட்டுத்தான் நல்லா இருக்குன்னு சொல்லுவான்." மேடம் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "புதன்கிழமை காலையில ஆறு அம்பத்திரண்டு. வண்டி உங்ககிட்ட இல்லை. நீங்க தொடவும் இல்லை. மவுண்ட் ஓகேன்னு எப்படி எழுதினீங்க? ஒரு குழாய்ல மயிரிழைக் கீறல் இருந்தாலே கேட்டுச் சொல்ற காது உங்களுக்கு. அது மவுண்ட் இல்லைன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். என்னன்னும் தெரியும். அதனாலதான் அந்த இடத்துல வெட்டினீங்க. கொஞ்சம் லேட்டா வெட்டிட்டீங்க, அவ்வளவுதான்."

மாஸ்டர் காரின் மேலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தார்.

"நான்தான் சொன்னேன்" என்றார். "செவ்வாய்க்கிழமை மழைன்னு டெஸ்ட் பண்ணலை. காலையில ரோடு காலியா இருக்கும், மூணாவதுல நல்லா மிதிச்சுப் பார்த்துட்டு ரிக்கார்ட் பண்ணி அனுப்புங்கன்னு நான்தான் சொன்னேன். வெளிய தெரிஞ்சா என்னையும் இழுப்பாங்களே மேடம். எனக்குப் பட்டறை இருக்கு. பேரு இருக்கு."

"முழு ரிக்கார்டிங் இருக்கா?"

அழிக்கவில்லை. சின்ன முதலாளி அழிக்கச் சொன்னதற்கு, அழித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தார். பின்னால் உதவும் என்று வைத்திருந்தாராம். யாருக்கு உதவும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதும் போனைத் திறந்து நீட்டினார்.

முப்பத்தொரு வினாடி. காலை 6.09.

இளம் குரல், உற்சாகமாக: "மாஸ்டர், இப்ப மூணாவது. மிதிக்கிறேன், கேளுங்க." இரைச்சல். ஸ்து-து-து-து. தட். அப்புறம் ஒரு கண்ணாடி உடைகிற ஓசை. "ச்சே! எதையோ..." இரண்டு வினாடி வெறும் இன்ஜின். "சரி, விடுங்க. இருங்க, இன்னொரு தடவை மிதிக்கிறேன். இந்தத் தடவை நல்லாக் கேளுங்க." மறுபடி இரைச்சல். மறுபடி ஸ்து-து-து-து. "கேட்டுச்சா? கேவலமா இருக்குல்ல? எப்படியாவது நிறுத்துங்க."

பதிவு முடிந்தது. எங்கோ கம்ப்ரஸர் ஒன்று தானாக ஓடி நின்றது.

கண்டக்டர்தான் முதலில் பேசினார். டிக்கெட் கிழிக்கிற குரல் இல்லை அது. "ஆறு ஒன்பதுக்கு வந்திருக்கு. உடனே கேட்டிருக்கீங்க, நீலக் குறி விழுந்திருக்கு. ஆறு இருபதுக்குக் கில்லாடி யாருன்னு போட்டி வச்சிருக்கீங்க. பேப்பர்காரர் பார்த்தது ஆறரைக்கு."

"கால் மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் எழுதியிருக்கார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் ஓட்டலையே சார்" என்றார் மாஸ்டர். "நான் கேட்டேன். அவ்வளவுதானே?"

மேடம் அவரைப் பார்த்தார். இரண்டடி பின்னால் தள்ளி நின்றார். இந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசினாலும் குளிக்க வேண்டியிருக்கும் போலிருந்தது.

அப்போது மாஸ்டரின் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாஸ்டர், சத்தம் நின்னுச்சா?"

"நின்னுடுச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "வந்து பாருங்க."

"சூப்பர். பத்து நிமிஷத்துல வரேன்."

சின்ன முதலாளி எட்டு நிமிடத்திலேயே வந்தான். இருபத்திரண்டு வயது, வாசனைத் திரவியம் மணக்க, கறுப்புக் கண்ணாடி. நேராகப் பானெட்டைத் தொட்டுத் தடவினான். சுற்றியிருப்பவர்கள் யாரென்று பிறகுதான் பார்த்தான்.

ஸ்டேஷனுக்கு வந்தபோது ஒன்றே கால். டிரைவர் உள்ளறை பெஞ்சில், அயர்ன் பண்ணிய சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டிபன் கேரியர் பக்கத்தில் திறக்காமல் இருந்தது. மனைவி கதவோரம் நின்றாள்.

"நான்தான் ஓட்டினேன் மேடம்" என்றார், கேட்பதற்கு முன்பே. "எத்தனை தடவை கேட்டாலும் அதான். இவ பேச்சைக் கேட்டுக்கிட்டு நீங்க அலையாதீங்க."

"நான் ஒண்ணும் கேக்கலை. நீங்க இதைக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் போனை மேஜையில் வைத்தார். முப்பத்தொரு வினாடி ஓடியது. அந்த இளம் குரல் வந்ததும் டிரைவரின் முகத்தில் ஒரு கனிவு வந்தது. பழக்கத்தில் வந்த கனிவு. தட் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை போடுங்க சார்."

போட்டார்கள். இந்த முறை குனிந்து, காதை மேஜைக்கு அருகே கொண்டு வந்தார். இருபத்தாறு வருடம் ஸ்டியரிங் பிடித்தவர்.

"டயர் சத்தம் எங்க?" என்றார்.

மனைவி கதவோரத்திலிருந்து இரண்டடி உள்ளே வந்தாள்.

"பிரேக் அடிச்சேன் அண்ணேன்னான். என் மடியில தலையை வச்சுக்கிட்டு அழுதான். அந்தம்மா குறுக்க வந்துட்டாங்க, நான் பிரேக் மேல ஏறி நின்னேன், வண்டி நிக்கலை, பயத்துல ஓடிட்டேன்னான். பயந்துட்டான், சின்னப் பையன்தானேன்னு..." அவர் போனைக் காட்டினார். "இதுல பிரேக்கே இல்லையே சார். இடிச்சதுக்கு அப்புறம் மறுபடி மிதிக்கிறானே. மறுபடி மிதிக்கிறானே!"

பெஞ்சிலிருந்து எழுந்து சுவரோரம் போய்க் குமட்டினார். ஒன்றும் வரவில்லை. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மனைவி ஓடிவந்து முதுகைத் தடவினாள். அவர் அவள் கையை விலக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "எழுதிக்கங்க சார். நான் ஓட்டலை. அந்த வண்டியோட சீட்டு எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் எழுதினார். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்குத் தனியாக ஒரு வழக்கு வரும் என்று எழுதிக்கொண்டே சொன்னார். டிரைவர் தலையை ஆட்டினார். கோர்ட்டுக்கு அன்று வேறொரு ஆள் போனான். அவன் அப்பா வக்கீலோடு வாசலில் வந்து நின்று, யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எத்தனை முறை கேட்டும் ஸ்டேஷனில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

மாலை நாலரை மணிக்கு டிரைவரை அனுப்பினார்கள். மேடம் தன் காரின் பின்கதவைத் திறந்தார். கண்டக்டர் முன்னால் ஏறி, "எந்த ஸ்டாப்?" என்றார், பழைய வழக்கத்தில்.

டிரைவர் ஏறாமல் நின்றார்.

"அந்தம்மா வீடு எங்க மேடம்?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி. குவார்ட்டர்ஸ்ல. எதுக்கு?"

"நேத்து அவங்க பொண்ணு இங்க வந்துச்சு. பன்னெண்டு வயசு இருக்கும். அழலை, திட்டலை. கம்பிக்கு வெளிய நின்னு என் மூஞ்சியையே பார்த்துச்சு. 'நீங்களா?'ன்னு மட்டும் கேட்டுச்சு." அவர் குரல் இறங்கியது. "நான் ஆமான்னேன் மேடம்."

மனைவி டிபன் கேரியரை மேடத்தின் சீட்டில் வைத்தாள். "நடந்தே போயிடலாம்" என்றாள் கணவனிடம். "பக்கம்தான்."

இரண்டு பேரும் சாலையைக் கடப்பதற்காக ஓரமாகப் போய் நின்றார்கள். வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. கண்டக்டர் இறங்கிப் போய், நடுச்சாலையில் நின்று, ஒரு விசிலடித்துக் கையைக் காட்டினார். எல்லாம் நின்றன. அவர்கள் கடந்து போனார்கள்.